நாற்பதாவது கையெழுத்து

எங்கள் தெருவில் அவருக்கு 'ஆறு மணி சிஸ்டர்' என்று பெயர். தெருமுனை ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி ஏழு மணிக்குத்தான். ஆனால் ஆறு மணிக்கே எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போவார். பிறகு என் மனைவி காலில் சர்க்கரைப் புண் வந்தது. ஊசியோடு கட்டுப் போடும் வேலையும் சேர்ந்துகொண்டது. இப்படி எட்டு வருடம். ஒரு நாள் ரயில் வழியில் நின்றுவிட்டது என்று ஆறே காலுக்கு வந்தார். நான் கதவைத் திறந்தபடியே கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கட்டும் என்றுதான் பார்த்தேன்.

இப்போது 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். அந்த எட்டு வருடமும் 'வா, போ'தான். "எழுதுறதுல மரியாதை குடுக்குறதுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று என் மனைவி கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த சிஸ்டருக்கு எங்கள் தெருவிலேயே ஒரு வீடு கிடைக்க இருந்தது. அது கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான். சட்டம் இல்லை, அதிகாரிகள் இல்லை, அவருடைய தலையெழுத்தும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும்.

முதலில் நான் யாரென்று சொல்ல வேண்டும். நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டவன். கடைசியில் தலைமை வரைவாளராக ஓய்வு பெற்றேன். கையில் எப்போதும் அளவுகோலோடு அலைந்ததால் ஆபீஸில் 'ஸ்கேல்' என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயர் எப்படியோ தெருவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஊர் வரைபடத்தில் எங்கள் பகுதிக்கு மஞ்சள் வர்ணம் அடித்தவன் நான்தான். மஞ்சள் என்றால் ஒரு மனைக்கு ஒரு வீடு. இரண்டு மாடிக்கு மேல் கூடாது. சுற்றிலும் தாராளமாக இடம் விட்டாக வேண்டும். அந்த மஞ்சளை அடித்த ஈரம் காய்வதற்குள் அதற்குள்ளேயே ஒரு மனையும் வாங்கிவிட்டேன். அன்றைக்கு அதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றார்கள்.

எங்கள் தெருவில் இருபத்திரண்டு மனைகள். எல்லாம் பெரிய வீடுகள். என் வீட்டில் ஆறு அறை, ஆள் இரண்டு பேர். நான்கு அறைகளைப் பெருக்கிப் பூட்டுவதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், அவரும் மனைவியும். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு வக்கீல் மட்டும், அவரோடு ஒரு நாய். பிள்ளைகள் எல்லோருக்கும் வெளியூரில் வேலை. சாயங்காலம் ஆனால் தெருவில் விளக்கு எரிகிற ஜன்னல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை. இவ்வளவு வசதியான இடத்தில் இவ்வளவு குறைவாக ஆட்கள் இருந்ததைப் பற்றி எங்களுக்குப் பெருமை வேறு. 'அமைதியான தெரு' என்று சொல்லிக்கொள்வோம்.

சிஸ்டரின் கதை வேறு மாதிரி. அதை அவர் எனக்குச் சொன்னதில்லை, என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார். அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய கட்டை மெல்லப் பிரித்தபடி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். வலி தெரியாமலிருக்க அப்படிப் பேசுவாராம். நான் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டு, இந்தப் பெண்ணுக்கு வாய் ஓயவே ஓயாதா என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்து ஒற்றை அறையில் ஐந்து பேராக வளர்ந்தவர். நர்ஸ் படிப்பை விடுதியில் தங்கிப் படித்தார். கல்யாணம் ஆனது. கணவருக்கு நெடுந்தூர லாரியில் வேலை, மாதத்துக்கு நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள். எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது மூன்றாவது ஸ்டேஷனில் குடியிருந்தார்கள். வாடகை ஏறியது. ஐந்தாவது ஸ்டேஷனுக்குப் போனார்கள். மறுபடி ஏறியது. "ஒவ்வொரு தடவை வாடகை ஏறும்போதும் ரெண்டு ஸ்டேஷன் பின்னாடி போவேன்மா. இப்ப கடைசி ஸ்டேஷனுக்கு வந்தாச்சு. இனிமே ஏத்தினா தண்டவாளம் இல்ல, நான்தான் போடணும்" என்று சிரித்தாராம். கடைசி ஸ்டேஷனுக்கு அப்பாலும் அரைமணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் எங்கள் வீட்டுக்கு ஆறு மணி. வீட்டுக்குத் திரும்ப இரவு எட்டாகும், எட்டரையாகும். அதற்குள் மகள் தூங்கிப்போயிருப்பாள். மகள் விழித்திருப்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் அம்மா.

அதனால் காலை ஆறே முக்காலுக்கு, கட்டுப் போட்டு முடித்ததும், எங்கள் கூடத்தில் நின்றபடியே மகளுக்கு போன் போடுவார். "எந்திரிச்சிட்டியா? பல்லு தேச்சியா? பொய் சொல்லாத, கொட்டாவி கேக்குது. கேஸை மூடினியா? கதவைப் பூட்டி ரெண்டு தடவை இழுத்துப் பாரு." தினமும் இதே பேச்சுத்தான். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. "போன் பேசுறதெல்லாம் வெளிய வச்சுக்கம்மா, பேப்பர் படிக்க முடியல" என்றேன் ஒரு நாள். "சரி சார்" என்றார். மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று பேசினார். மழை நாளில் குடையோடு நின்று பேசினார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புதிய விதி வந்தது. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் எந்த மனையிலும் நான்கு மாடி கட்டலாம். ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற கணக்கு இனி இல்லை, இடம் இருக்கும் வரை எத்தனை வீடும் வைக்கலாம். கார் நிறுத்த இடம் விட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. ஊரில் வேலை செய்கிறவர்கள் ஊரிலேயே குடியிருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் அந்தக் காரணத்தைப் படிக்கவே இல்லை. என் மஞ்சள் வர்ணத்தை யாரோ நேற்று வந்த பையன்கள் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் ஆரஞ்சு ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் என் கண்ணில் பட்டது. என்னைக் கேட்காமல் செய்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது.

எதிர்வரிசையில் பல் டாக்டருடைய பழைய வீடு விற்பனையாகி, கேட்டில் அறிவிப்புப் பலகை தொங்கியது. நான்கு மாடி, பன்னிரண்டு சின்ன வீடுகள். நான்தான் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் விண்ணப்பத்தின் நகல் வாங்கி வந்து மேஜையில் விரித்தேன். உயரம், பக்கத்து இடைவெளி, படிக்கட்டு அகலம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒன்றிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இங்கேதான் என் தொழில்புத்தி என்னைக் கவிழ்த்தது. வரைபடம் போடுகிறவன் அளவுகளைப் பார்ப்பானே ஒழிய பெயர்களைப் பார்க்க மாட்டான். விண்ணப்பதாரர் யார் என்பதெல்லாம் குமாஸ்தா வேலை. முப்பத்தோரு வருடம் அப்படியே பழகியவன். எட்டுப் பக்கம் வரைபடத்தை ஒரு கோடு விடாமல் பார்த்த நான், ஒன்பதாவது பக்கத்தில் இருந்த இணைப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்கள் சேர்ந்து வைத்த வீட்டுச் சங்கம் அது. வார்டு ஆயா, எக்ஸ்ரே எடுப்பவர், ஆம்புலன்ஸ் டிரைவர், சமையல்காரர் என்று பன்னிரண்டு பேர். ஏழாவது பெயர் எங்கள் ஆறு மணி சிஸ்டருடையது.

விதியில் ஒரு ஓட்டை உண்டு. மனையைச் சுற்றி நூறு மீட்டருக்குள் குடியிருப்பவர்கள் அல்லது வேலை செய்பவர்கள் நாற்பது பேர் தனித்தனியாக ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், அனுமதி தானாகக் கிடைக்காது. விசாரணைக் குழுவுக்குப் போகும். குழுவுக்குப் போனால் இழுத்தடிக்கலாம். இழுத்தடித்தால் பணம் போட்டவர்கள் சலித்துப் போய் விலகுவார்கள். இது எனக்கு அத்துப்படி. படிவத்தை நானே தட்டச்சு செய்தேன். காற்று வராது, வெளிச்சம் வராது, தண்ணீர் போதாது, 'முன்பின் தெரியாதவர்கள்' நடமாட்டம் அதிகரிக்கும். அந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை.

வீடு வீடாகப் போனேன். ஊரில் இல்லாத பிள்ளைகள் கையெழுத்துச் செல்லாது. பக்கவாதத்தில் கிடந்தவரிடம்கூட வாங்கினேன். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது. அதற்கு மேல் தெருவில் ஆளே இல்லை. கூட்டம் வேண்டாம் என்று சொல்வதற்கே எங்களிடம் ஒரு கூட்டம் இல்லை! இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சிஸ்டர் வந்தார். வழக்கம்போல என் மனைவி காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையுறை போட்ட கையில் பஞ்சு. நான் படிவத்தையும் பேனாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்ன சார் இது?"

"எதிர்ல பில்டிங் வருதில்ல, அதுக்கு ஆட்சேபம். வேலை செய்றவங்களும் போடலாம். நீ தினம் இங்க வர்றவதானே."

அவர் கையுறையைக் கழற்றினார். கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். 'முன்பின் தெரியாதவர்கள்' வரியையும் படித்திருப்பார்.

"அவகிட்ட எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு" என்றேன்.

"நான் போட்டா பில்டிங் நின்னுடுமா சார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஏற்கெனவே நூறு பேர் போட்டாச்சு. உன்னோடது சும்மா, கணக்குக்கு" என்றேன்.

பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த மாதிரிப் பொய். முப்பத்தொன்பது பேர் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. நூறு பேர் என்றதும், தான் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டால் சாருக்குக் கோபம் வரும், அவ்வளவுதானே என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் கோபம் அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியின் மானேஜர் என் சீட்டாட்டக் கூட்டாளி என்பதும் தெரியும். கையெழுத்துப் போட்டார். பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து புண்ணைத் துடைத்தார். அன்றைக்கு மட்டும் பேச்சுக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ரொம்ப வலித்தது என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து, கிளம்பும்போது, "சார், அந்தப் பேப்பரைக் குடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே குடுத்தாச்சு. ஏன்?"

"இல்ல சார், சும்மாதான்."

விசாரணை நகரமைப்பு அலுவலகத்தின் மாடி ஹாலில் நடந்தது. நான் முப்பத்தோரு வருடம் ஏறி இறங்கிய படிதான். ஒரு பக்கம் எங்கள் தெரு, சலவைச் சட்டையோடு. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரி ஆட்கள், டூட்டி உடையிலேயே வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சிஸ்டரைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக உறைத்தது. இவள் ஏன் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது.

குழுத் தலைவி ஓர் அதிகாரி. நாற்பது வயதிருக்கும். என்னைப் போல இல்லை, பெயர்களைப் படிக்கிறவர். இரண்டு பட்டியல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நாற்பதாவது ஆட்சேபம். இதே பேரு விண்ணப்பத்துலயும் ஏழாவதா இருக்கு. ரெண்டும் வேற வேற ஆளா?"

சிஸ்டர் எழுந்து நின்றார். "ஒரே ஆள்தான் மேடம். நான்தான்."

"உங்க வீட்டைக் கட்டக் கூடாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்த பேங்க் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்தான், ஆனால் அந்த நாற்பதாவதை நான் எப்படி வாங்கினேன் என்று அவருக்குத் தெரியாது.

"தெரியாமப் போட்டுட்டேன் மேடம்."

"படிச்சவங்கதானே நீங்க? நர்ஸ்தானே? யாராவது போடச் சொன்னாங்களா?"

சிரிப்பு அடங்கியது. நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, "நான்தான் மேடம் போடச் சொன்னேன், பொய் சொல்லிப் போட வச்சேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் முடிகிற வாக்கியம். கால் எழவில்லை. முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பயம். தெருக்காரர்கள் முன்னால் தலைகுனிய வேண்டி வருமே என்ற பயம். சிஸ்டர் என் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் எழுந்திருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். பார்த்திருந்தால் குனிந்திருப்பேன்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான் போட்டேன்" என்றார் சிஸ்டர்.

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதி வாங்கினார்கள். நாற்பது முப்பத்தொன்பது ஆயிற்று. நாற்பது இல்லாவிட்டால் விசாரணையே இல்லை. கால்மணி நேரத்தில் அனுமதி கொடுத்து எங்களை எழுப்பி அனுப்பினார்கள். இறங்கி வரும்போது படிக்கட்டிலேயே எங்கள் ஆட்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த நர்ஸ் நம்ம காலை வாரிட்டா பாத்தீங்களா?" "உள்ளாளா இருந்து கெடுத்துட்டா." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

கட்டிடத்துக்குத் தடை நீங்கியது. ஆனால் அவர்களுடைய சங்கத்தில் ஒரு விதி இருந்தது. சங்கத்தின் திட்டத்துக்கு எதிராக எழுத்துமூலம் போன உறுப்பினர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வீடு பன்னிரண்டு. பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேருக்குப் பின்னால் காத்திருந்தவர்களையும் சேர்த்தால் வரிசையில் மொத்தம் முப்பது பேருக்கு மேல். கடைசி என்றால் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் அவர்களுடைய வீட்டுச் சங்கச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். எக்ஸ்ரே எடுப்பவர், மெலிந்த மனிதர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், சிஸ்டர் உங்களைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல. ஆனா படிவம் நீங்க குடுத்ததுன்னு எங்களுக்குத் தெரியும். விஷயத்தை மறைச்சு நான்தான் கையெழுத்து வாங்கினேன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். வெள்ளிக்கிழமை கமிட்டி. அவங்களை ஏழாவது இடத்துலயே வச்சுடுவோம்."

"குடுக்குறேன்" என்றேன். குடுக்கவும் செய்தேன். அதுதான் கேவலம். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியதில் உண்மை இருந்தது. படித்துப் பார்த்தேன், இது நாலு பேர் கைக்குப் போகுமே என்று கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியது நலச் சங்கத்தின் பேரில், நலச் சங்கத்தின் முத்திரையோடு. தெருவாசிகளின் பொதுவான வேண்டுகோளை ஏற்று மேற்படி ஊழியர் கையொப்பமிட்டார், இது குறித்துச் சங்கம் வருத்தம் தெரிவிக்கிறது. எழுத்தெல்லாம் அச்சுப் போல அழகு.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் என் மனைவி. காட்டினேன்.

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"செயலாளர்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"அவ தன் பேரைப் போட்டு மாட்டிக்கிட்டா. நீங்க சங்கத்துப் பேரைப் போட்டுத் தப்பிச்சுக்கிறீங்க."

"உனக்கு ஆபீஸ் விவகாரம் தெரியாது" என்று கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமைக் கமிட்டியில் அந்தக் கடிதம் அவருக்குப் பாதகமாகவே போயிற்று. 'தெருவாசிகள் கேட்டார்கள், இவர் சம்மதித்துப் போட்டார் என்றுதானே கடிதத்தில் இருக்கிறது, இதில் ஏமாற்றியது யார்?' என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்களாம். சிஸ்டர் பெயரைக் கடைசிக்கு மாற்றினார்கள். அவருக்கு என்றிருந்த மூன்றாவது மாடி வீடு எட்டாவதாக இருந்த ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் போனது.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். "குட்மார்னிங் சார்" என்றார் சிஸ்டர். வழக்கமான குரல். என் மனைவிதான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "திரும்புங்கம்மா, கால் எனக்கு வேணும்" என்று சிரித்தார் அவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் வராமல் இருந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வந்துகொண்டே இருந்தார்.

கட்டிடம் ஒன்றரை வருடத்தில் எழும்பியது. நான் படிவத்தில் அடுக்கிய ஆபத்துகளில் ஒன்றுகூட வரவில்லை. காற்று வந்தது, வெளிச்சமும் வந்தது. தண்ணீர்க் குழாயைப் பெரிதாக மாற்றியதால் எங்கள் மாடிக்குக்கூட நன்றாக ஏறியது. சாயங்காலம் எதிர் ஜன்னல்களில் விளக்கு எரிகிறது, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் என் மனைவி வழுக்கி விழுந்தபோது மூன்றாவது மாடியிலிருந்து ஓடி வந்து தூக்கியவர் அந்த ஆம்புலன்ஸ் டிரைவர். நான் அவருக்கு நன்றி சொன்னேன். எந்த வீட்டிலிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியும்.

எதிர்க் கட்டிடத்தில் ஆட்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே சிஸ்டர் வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. மகளுக்கு ஒரு நாள் கடும் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா வேலையை விட்டு ஓடி வரக்கூடாது என்று போனில் சொல்லாமல் இருந்துவிட்டாள். ராத்திரி இவர் போய்ப் பார்க்கும்போது பெண் நினைவில்லாமல் தரையில் கிடந்திருக்கிறாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இனித் தனியாக விட முடியாது என்று தூரத்தில் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. ஆறே முக்கால் போனும் நின்றுவிட்டது. கட்டுப் போட்டு முடித்துப் பையை மூடியதும், இரண்டு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாத மாதிரி கூடத்தில் நிற்பார். பிறகு போவார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்குக் கடைசி ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. பரவாயில்லை, மகளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்றாராம். ஆனால் மகள் வரவில்லை. இவ்வளவு நாளில் அவளுக்கு விடுதி பழகிவிட்டது. 'படிப்பை முடிச்சிட்டு வர்றேம்மா' என்று சொல்லிவிட்டாள்.

கடைசி நாள். எதிர்க் கட்டிடத்தில் குடியிருக்கும் ஒரு நர்ஸைக் கூட்டி வந்து, புண்ணை எப்படித் துடைக்க வேண்டும், எந்த இடத்தில் அம்மாவுக்கு வலிக்கும், எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டிக் கொடுத்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாசல் வரை போனேன். மூன்று வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

"சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன். முதல் தடவையாக 'உங்க' வந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"வேணாம் சார். கேக்காதீங்க."

"இல்ல, நான் சொல்லியே ஆகணும்..."

"சார், எட்டு வருஷத்துல நீங்க கேட்ட ஒண்ணுக்கும் நான் மாட்டேன்னு சொன்னதில்ல. பழகிப்போச்சு. இப்ப நீங்க மன்னிச்சுடுன்னு கேட்டா, 'அய்யோ, பரவாயில்ல சார்'னு என் வாய் தானா சொல்லிடும்." கொஞ்சம் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "ஆனா பரவாயில்லன்னு எனக்கு இல்ல சார். அதனாலதான் சொல்றேன், கேக்காதீங்க."

என் மனைவிக்கு மாத்திரை தீர்ந்துபோகிற தேதியை நினைவுபடுத்திவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கேட்கவில்லை.